மாறியது எழுத்தா, பொருளா?



நாம் எல்லோரும் புரோகிராம் எழுதக் கற்றுக் கொள்கிறோம். லேபில் உட்கார்ந்து வெற்றுத் திரையில் முதல் வரியை ஆரம்பிக்கிறோம். விடை சரியாக வந்ததும் ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். அதோடு அந்தப் புரோகிராமின் ஆயுள் முடிந்தது. ஆனால் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். "புதுசா எழுதுறது எங்கப்பா? பத்து வருஷம் முன்னாடி யாரோ எழுதினதைத் தடவித் தடவி மாத்துறதுதான் வேலை" என்பார்கள்.

அது யாருடைய குற்றமும் அல்ல. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ். 360 என்ற பெரிய இயக்க மென்பொருள் ஆண்டுக்கு ஆண்டு எப்படி வளர்ந்தது என்பதை மேயர் லேமன், லெஸ் பெலாடி என்ற இருவர் ஆராய்ந்தார்கள். அதிலிருந்து 1974 முதல் லேமன் சில விதிகளை வகுத்தார். அவற்றில் முதல் விதி, உலகத்தில் உண்மையாகப் பயன்படும் புரோகிராம் மாறிக்கொண்டே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அதன் பயன் குறைந்துகொண்டே போகும் என்பது. இரண்டாவது விதி, மாற மாற அதன் சிக்கலும் கூடும், அதைக் குறைக்கத் தனியாகப் பாடுபட்டாலொழிய என்பது.

ஆகவே நமக்கு வரப்போகிற கேள்வி இதுதான். பத்து வருடத்தில் ஒரு புரோகிராமில் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் நடந்திருக்கும். அவற்றில் பெரும்பாலானவை சும்மா அழகுபடுத்தியவை. சில மட்டுமே அதன் நடத்தையை மாற்றியவை. அந்தச் சிலவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் சிலபஸில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கவில்லை. அதனால்தான் நான் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே ஒரு பாடமாக எழுதுகிறேன்.

பாடபேதம் பார்ப்பது

இரண்டு பிரதிகளை ஒப்பிடுவது நமக்குப் புதிதல்ல. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏட்டுச் சுவடிகளைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டார். சில இடங்களில் ஏடெழுதியவரின் கைப்பிழை. சில இடங்களில் பாடமே வேறு, பொருளே வேறு. எது பிழை, எது பாடம் என்று பிரிப்பதுதான் அவருடைய உழைப்பு.

கணிப்பொறியில் இந்த வேலையின் முதல் பாதியை, அதாவது வித்தியாசமான வரிகளை எடுத்துக் காட்டுவதை, இயந்திரமே செய்துவிடும். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் 1970-களின் தொடக்கத்தில் 'டிஃப்' என்ற கருவியை டக்ளஸ் மக்கில்ராய் எழுதினார். ஜேம்ஸ் ஹன்டும் அவரும் சேர்ந்து அதன் வழிமுறையை 1976-ல் வெளியிட்டார்கள். அதே ஆய்வுக்கூடத்தில் 1972-ல் மார்க் ராக்கைண்ட், பழைய பதிப்புகளையெல்லாம் சேமித்து வைக்கும் எஸ்.சி.சி.எஸ். என்ற முறையை உருவாக்கினார். 1982-ல் வால்டர் டிச்சியின் ஆர்.சி.எஸ். வந்தது. பின்னால் சி.வி.எஸ்., சப்வெர்ஷன் என்று வளர்ந்து, 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய 'கிட்' வந்தது. இப்போது பெரும்பாலான இடங்களில் அதுதான்.

இரண்டாம் பாதியை, அதாவது இந்த வித்தியாசம் பொருளுள்ளதா என்று தீர்மானிப்பதை, இன்னும் நாம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

டிஃப் எப்படி வேலை செய்கிறது?

ஒரு சின்ன உதாரணம். பழைய ஃபைலில் ஐந்து வரிகள்: அ, ஆ, இ, ஈ, உ. புதிய ஃபைலிலும் ஐந்து வரிகள்: அ, இ, ஈ, எ, உ. இரண்டிலும் அதே வரிசையில் வரக்கூடிய மிக நீளமான பொதுத் தொடர் எது? அ, இ, ஈ, உ. இதைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி தானாக வரும். பழையதில் மிஞ்சியது 'ஆ'. அதற்குக் கழித்தல் குறி. புதியதில் மிஞ்சியது 'எ'. அதற்குக் கூட்டல் குறி. டிஃப் என்பது இவ்வளவுதான்.

பொதுத் தொடரைக் கண்டுபிடிக்கச் சாதாரண முறையில் ஒரு கட்டம் போட வேண்டும். இரண்டு பக்கமும் ஆயிரம் வரிகள் என்றால் பத்து லட்சம் கட்டங்கள்! 1986-ல் யூஜின் மயர்ஸ் ஒரு குறுக்குவழி சொன்னார். வித்தியாசம் குறைவாக இருந்தால் வேலையும் குறைவாக இருக்கும்படி அவருடைய முறை அமைந்தது. நாம் பயன்படுத்தும் கிட் கருவி வழக்கமாகக் கையாள்வது அந்த முறையைத்தான்.

இதில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். டிஃப்புக்கு ஒரு வரி என்பது வெறும் எழுத்துக்கோவை. அது கட்டளையா, குறிப்பா, வெற்று இடைவெளியா என்று அதற்குத் தெரியாது. ஓர் இடைவெளி கூடினாலும் அந்த வரி அதற்குப் புது வரிதான்.

31 வரிகளில் ஒன்று

இப்போது நமக்கெல்லாம் நெருக்கமான ஒரு புரோகிராமை எடுத்துக் கொள்வோம். மதிப்பெண் பட்டியல்! தேர்ச்சிக்கு 40 வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். பழைய பதிப்பில் 'ம' என்று ஒரு மாறி இருக்கிறது. அது 30 வரிகளில் வருகிறது. புதிதாக வந்தவர், படிப்பவர்களுக்குப் புரியட்டும் என்று 'ம' என்பதை 'மதிப்பெண்' என்று எல்லா இடத்திலும் மாற்றினார். நல்ல காரியம்தான். கூடவே 'தேர்ச்சி மதிப்பெண்' என்ற ஒரு தலைப்பு வரியையும் சேர்த்தார். ஆனால் அந்த 30 வரிகளில் ஓர் இடத்தில் மட்டும்,

பழையது: ம >= 40
புதியது: மதிப்பெண் > 40

என்று ஆகிவிட்டது. டிஃப் எடுத்தால் 31 வரிகள் மாறியதாகக் காட்டும். பார்க்கிறவர் முதல் ஐந்து வரியைப் பார்ப்பார். "ஓ, பெயர் மாத்தியிருக்காங்க" என்று சொல்லிக் கீழே தள்ளிவிடுவார். சமக்குறி காணாமல் போனது கண்ணில் படாது. சரியாக 40 வாங்கிப் பாஸ் செய்தவன் கதி என்ன? அவன் ஊருக்குப் போய் என்ன சொல்வான்?

பொருளற்ற மாற்றம் தீமை செய்யாது என்று நினைக்கிறோம். ஆனால் அது பொருளுள்ள மாற்றத்தை மறைக்கும். முப்பது வைக்கோலுக்கு நடுவில் ஒரு ஊசி போல.

இதைப் பிடிக்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, எழுத்தை ஒப்பிடாமல் அமைப்பை ஒப்பிடுவது. கம்பைலர் எந்தப் புரோகிராமையும் முதலில் ஒரு மரமாகப் பிரித்துக் கொள்கிறது. நிபந்தனை ஒரு கிளை, அதன் கீழே ஒப்பீடு, அதன் கீழே இரண்டு இலைகள். இடைவெளி, குறிப்புகள் எல்லாம் இந்த மரத்தில் வராது. இரண்டு மரங்களை ஒப்பிட்டால், 'இலையின் பெயர் மாறியது' என்பது 30 இடத்தில், 'ஒப்பீட்டுக் குறி மாறியது' என்பது ஓர் இடத்தில் என்று தனித்தனியாகத் தெரியும். 2014-ல் வெளிவந்த 'கம்ட்ரீ' என்ற கருவி இந்த வகை. சேர்த்தது, நீக்கியது, திருத்தியது, இடம் மாற்றியது என்று நான்காகப் பிரித்துச் சொல்லும்.

இரண்டாவது வழி, கம்பைல் செய்த பிறகு ஒப்பிடுவது. வெறும் அழகு மாற்றம் என்றால் பழையதையும் புதியதையும் ஒரே கம்பைலரில் ஒரே மாதிரி கம்பைல் செய்யும்போது ஒரே இயந்திர மொழிதான் வர வேண்டும். பிழை தேடுவதற்கான கூடுதல் தகவல்களைச் சேர்க்காமல் கம்பைல் செய்து பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் நிம்மதி. வேறாக இருந்தால் ஏன் என்று தேட வேண்டும். வரி எண்ணையோ கம்பைல் செய்த தேதியையோ புரோகிராமே பயன்படுத்தினால் அந்த ஓரிரு இடம் வேறுபடும். அதை நினைவில் வைத்தால் போதும்.

மூன்றாவது வழி, இரண்டையும் ஓட்டிப் பார்த்து விடைகளை ஒப்பிடுவது. நம் உதாரணத்தில் 0 முதல் 100 வரை 101 மதிப்பெண்களையும் இரண்டு பதிப்புக்கும் கொடுத்து, விடைகளை இரண்டு ஃபைலில் எழுதி, அந்த ஃபைல்களை டிஃப் செய்யுங்கள். ஒரே ஒரு வரி வித்தியாசம் வரும், 40-க்கு எதிரே. புரோகிராமின் டிஃப்பில் 31 வரி, விடைகளின் டிஃப்பில் ஒரு வரி. எது கண்ணில் படும் என்று நீங்களே சொல்லுங்கள்.

"அப்படின்னா எல்லாத்தையும் ஓட்டிப் பாத்துட்டா போதுமே?" என்று கேட்பீர்கள். ஒரு பாடம் என்றால் 101 சோதனை. ஐந்து பாடத்தின் எல்லாச் சேர்க்கையும் என்றால் 101-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். அது 1,051 கோடி! ஆகவே எல்லைகளை மட்டும் சோதிக்கிறோம்: 39, 40, 41, பிறகு 0, 100. எந்த இரண்டு புரோகிராமைக் கொடுத்தாலும் அவை ஒரே வேலையைச் செய்கின்றனவா என்று எப்போதும் தவறாமல் சொல்லக்கூடிய பொதுவான ஒரு முறை இருக்கவே முடியாது. 1936-ல் ஆலன் டூரிங் நிறுவிய உண்மையிலிருந்து இது வருகிறது. ஆகவே மனித மூளைக்கு வேலை இருந்துகொண்டேதான் இருக்கும். பயப்பட வேண்டாம்!

ஒரே வரி, இரண்டு இடம்

இதெல்லாம் கற்பனை உதாரணம் என்று நினைக்க வேண்டாம். நடந்த கதை ஒன்று சொல்கிறேன்.

இணையத்தில் ரகசியமாகத் தகவல் அனுப்பப் பயன்படும் மென்பொருள் ஓபன்எஸ்எஸ்எல். யாராலும் ஊகிக்க முடியாத சாவி எண்களை உருவாக்குவது அதன் வேலைகளில் ஒன்று. அதற்காகப் பல இடங்களிலிருந்து கிடைக்கும் எதேச்சையான எண்களை ஒரு பானையில் போட்டுக் கலக்குவது போலக் கலக்குகிறது. இப்படிக் கலக்கும் வரி அந்தப் புரோகிராமில் இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே.

ஆனால் பொருள் வேறு. ஓர் இடத்தில் அந்த வரி, இன்னும் மதிப்பு எதுவும் போடாத நினைவகத்தில் கிடக்கும் குப்பையையும் சேர்த்துக் கலக்குகிறது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் மோசமில்லை. இன்னோர் இடத்தில், உண்மையான எதேச்சை எண்கள் பானைக்குள் போவதே அந்த வரி வழியாகத்தான். அதுதான் உயிர்.

டெபியன் லினக்ஸ் குழுவில் இந்த மென்பொருளைச் சோதித்தபோது, வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி 'மதிப்புப் போடாத நினைவகத்தைப் பயன்படுத்துகிறீர்கள்' என்று எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை நிற்க வேண்டும் என்று 2006-ல் அந்த இரண்டு வரிகளையும் செயலிழக்கச் செய்தார்கள். முதல் வரிக்குப் பக்கத்தில் 'சோதனைக் கருவி குறை சொல்லும்' என்று ஒரு குறிப்பு ஏற்கெனவே இருந்தது. இரண்டாவது வரிக்குப் பக்கத்தில் 'இது போனால் எல்லாம் போச்சு' என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

விளைவு? பானைக்குள் போன ஒரே எதேச்சை எண், புரோகிராம் ஓடும்போது கிடைக்கும் செயல் எண் மட்டும். லினக்ஸில் அது வழக்கமாக 32,768-க்கு மேல் போகாது. ஒரே வகை இயந்திரத்தில் ஒரே அளவுச் சாவி என்றால், உலகத்தில் உருவாக்கக்கூடிய மொத்தச் சாவிகளே அவ்வளவுதான்! ஒரு சாதாரணக் கணிப்பொறி எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்துவிடும். 2006 செப்டம்பரில் வெளியான இந்தப் பதிப்பின் குறையை லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து, 2008 மே 13-ல் அறிவித்தார்கள். இடையில் 20 மாதங்கள். டெபியன் மட்டுமல்ல, அதிலிருந்து உருவான உபுண்டுவும் சேர்ந்து பாதிக்கப்பட்டது. புரோகிராமைச் சரி செய்தால் மட்டும் போதவில்லை. அந்தக் காலத்தில் உருவான சாவிகளையெல்லாம் தூக்கிப்போட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

டிஃப் இதில் பொய் சொல்லவில்லை. இரண்டு வரி மாறியது என்று சரியாகவே காட்டியது. மர ஒப்பீடும் அதையேதான் காட்டியிருக்கும். ஆனால் அந்த வரி *எதற்காக* அங்கே இருந்தது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. அது எழுதியவர் மனதில் இருந்தது. மனதில் இருப்பதை எழுதி வைக்காவிட்டால், அடுத்து வருகிறவருக்கு அது வெறும் எழுத்து.

ஒரு சமக்குறியும், ஒப்பிடாத இரண்டு பிரதிகளும்

இன்னொரு கதை. 2003 நவம்பரில் லினக்ஸ் கருமென்பொருளின் பிரதி ஒன்றில் யாரோ புகுந்து இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டார்கள். ஒரு நிபந்தனையின் நடுவில் இப்படி இருந்தது: (பயனர் எண் = 0). சி மொழி படித்த நமக்குத் தெரியும், ஒப்பிடுவதற்கு இரண்டு சமக்குறி வேண்டும். ஒரு சமக்குறி போட்டால் அது ஒப்பீடு அல்ல, மதிப்பைப் போடுவது. பயனர் எண் 0 என்றால் அந்தக் கணிப்பொறியின் சர்வ அதிகாரி! ஒரு குறிப்பிட்ட விதமாக அந்தக் கட்டளையைக் கூப்பிட்டால் யார் வேண்டுமானாலும் அதிகாரியாகலாம். போட்ட மதிப்பு 0 என்பதால் நிபந்தனை பொய்யாகி, பிழைச் செய்தியும் வராது. மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரணச் சோதனை வரி போலவே இருக்கும்.

எப்படிப் பிடித்தார்கள்? வரியைப் படித்து அல்ல. மூலப் பிரதி வேறு முறையில் பாதுகாக்கப்பட்டிருந்தது. இது அதிலிருந்து எடுத்த நகல். நகலில் இருக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூலத்தில் ஒரு பதிவு இருக்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு மூலத்தில் பதிவு இல்லை. உடனே மணி அடித்தது. அந்த வரிகள் மூலத்துக்குள் போகவே இல்லை.

இதற்கு நேர்மாறாக 2024-ல் ஒன்று நடந்தது. எக்ஸ்.இசட். என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவை வைத்திருந்தார்கள். அதைத் திறக்கும் சிறு வரிகள் எல்லோரும் பார்க்கும் கிட் சேமிப்பில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டி வைத்த பொட்டலத்தில் மட்டும் இருந்தன. கிட் சேமிப்பை எத்தனை முறை டிஃப் எடுத்தாலும் அந்த வரிகள் தெரியாது! ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர், தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டி, 2024 மார்ச் 29-ல் வெளியே சொன்னார். எழுத்து காட்டிக் கொடுக்கவில்லை, நடத்தை காட்டிக் கொடுத்தது.

ஆகவே ஒப்பிடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நாம் ஒப்பிடுவது சரியான இரண்டு பிரதிகளையா?

ஒன்றுமே மாறாமல் மாறியது

டிஃப் வெறுமையாக வந்தால் கவலையில்லையா? அதுவும் இல்லை. 1996 ஜூன் 4-ல் அரியான் 5 ராக்கெட் முதல் பயணத்தில் சுமார் 40 விநாடியில் திசை மாறி உடைந்து போனது. அதன் திசைகாட்டும் கருவியில் இருந்த புரோகிராம் முந்தைய அரியான் 4-ல் நன்றாக ஓடியது. அதை அப்படியே எடுத்து வைத்தார்கள். ஆனால் புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் அதிகம். ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் 32,767-ஐத் தாண்டிவிட்டது. கருவி நின்றது. அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு அரியான் 5-க்குத் தேவையே இல்லை என்பதுதான் வேதனை.

வரி மாறவில்லை. உலகம் மாறியது. வரியின் பொருளும் அதனுடன் மாறியது.

நீண்ட காலத்தில் தேடுவது எப்படி?

ஐந்து வருடப் பதிவுகள் உங்கள் முன்னால் இருக்கின்றன. முன்பு சரியாக வந்த விடை இப்போது தப்பாக வருகிறது. எங்கே ஆரம்பிப்பது?

பாதியாக வெட்டுதல்: நல்ல பதிப்பு ஒன்று, கெட்ட பதிப்பு ஒன்று, நடுவில் ஆயிரம் மாற்றங்கள். நடுவில் உள்ளதை ஓட்டிப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் குற்றம் பின்பாதியில், இல்லாவிட்டால் முன்பாதியில். பத்தே சோதனையில் ஆள் கிடைத்துவிடும். ஏனென்றால் இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் படித்த அதே பைனரி தேடல்தான்! கிட் கருவியில் இதற்கு 'பைசெக்ட்' என்று கட்டளையே உண்டு. ஆனால் நடுவில் இருக்கும் ஒவ்வொரு பதிப்பும் கம்பைல் ஆக வேண்டும். பாதி வேலையோடு சேமித்தால் இந்தத் தேடல் நொண்டியடிக்கும்.

வரியின் ஜாதகம்: ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார், எப்போது தொட்டார்கள் என்று 'பிளேம்' கட்டளை காட்டும். யாரோ ஒருநாள் எல்லா ஃபைலையும் ஒழுங்குபடுத்தி இடைவெளி விட்டிருந்தால் எல்லா வரியிலும் அவர் பெயரே வரும். பழைய கைரேகை எல்லாம் அழிந்த மாதிரி. இடைவெளி மாற்றத்தைக் கணக்கில் எடுக்காதே, வேறு இடத்திலிருந்து நகர்ந்து வந்த வரி என்றால் பழைய இடத்தைத் தேடு என்றெல்லாம் சொல்ல வசதி உண்டு. 2019-ல் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்து, 'இந்தந்த அழகு மாற்றங்களை விட்டுவிடு' என்று ஒரு பட்டியலே கொடுக்கலாம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: பைத்தான் மொழியில் வரியின் தொடக்க இடைவெளிதான் அர்த்தம். அங்கே இடைவெளியை அலட்சியம் செய்தால் பொருளையே அலட்சியம் செய்ததாகும்.

சொல்லைத் தொடர்தல்: ஒரு குறிப்பிட்ட சொல் அல்லது எண், உதாரணமாக '>= 40', எந்தப் பதிப்பில் நுழைந்தது, எதில் காணாமல் போனது என்று மட்டும் தேடலாம். ஆயிரம் பதிவில் இரண்டு மூன்றுதான் தேறும்.

திருத்தத்திலிருந்து பின்னோக்கி: 2005-ல் ஸ்லிவெர்ஸ்கி, ஸிம்மர்மன், ஸெல்லர் ஆகிய மூவர் ஒரு வழி சொன்னார்கள். பிழையைத் திருத்தியபோது எந்த வரிகளை நீக்கினார்களோ, அந்த வரிகள் எப்போது உள்ளே வந்தன என்று பின்னோக்கிப் போனால் பிழை பிறந்த நாள் தெரியும். எந்த மாதிரி மாற்றங்கள் ஆபத்தானவை என்று இப்படிப் பெரிய அளவில் படிக்கலாம். குறை என்னவென்றால், விட்டுப்போன வரியைச் சேர்ப்பதே திருத்தம் என்றால் பின்தொடர எதுவும் இருக்காது. இல்லாத வரிக்கு ஏது ஜாதகம்?

நாம் என்ன செய்யலாம்?

இந்தக் கருவிகள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவை பலன் தருவது நாம் விட்டுச் செல்லும் தடத்தைப் பொறுத்தது. இறுதியாண்டு புராஜெக்ட்டிலேயே இதை ஆரம்பிக்கலாம் என்பது என் எண்ணம்.

1. அழகு மாற்றத்தையும் பொருள் மாற்றத்தையும் ஒரே பதிவில் கலக்காதீர்கள். பெயர் மாற்றுவது தனிப் பதிவு. நிபந்தனையை மாற்றுவது தனிப் பதிவு.

2. பதிவின் குறிப்பில் 'சில மாற்றங்கள்' என்று எழுதாதீர்கள். என்ன மாறியது என்று டிஃப் சொல்லிவிடும். *ஏன்* மாறியது என்று நீங்கள் எழுதுங்கள்.

3. நீக்கினால் ஆபத்து என்று தெரிந்த வரியின் பக்கத்தில் அதை எழுதி வையுங்கள். நமக்குத் தெரிந்தது அடுத்தவருக்கும் தெரியும் என்று எண்ண வேண்டாம்.

4. சரியான விடைகள் கொண்ட ஒரு ஃபைலைப் புராஜெக்ட்டோடு சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டி, அதோடு டிஃப் எடுங்கள்.

5. எந்த எல்லைக்குள் இந்தப் புரோகிராம் சரியாக ஓடும் என்று எழுதுங்கள். எத்தனை மாணவர்கள், எவ்வளவு பெரிய எண். அரியான் பாடம் அதுதான்.

இவை ஒன்றுக்கும் கூடுதல் மார்க் கிடைக்காமல் போகலாம். ஆனால் நம் ஜூனியர் ஒருவன் அடுத்த வருடம் அதே புராஜெக்ட்டை எடுத்து மேலே வளர்க்கும்போது, "சீனியர் நல்லா எழுதி வெச்சிருக்காரு" என்று சொல்வான். வேலைக்குப் போன இடத்தில் அப்படி ஒருவர் நமக்கு முன்னால் இருந்திருக்க மாட்டாரா என்று நாமே ஏங்கும் நாள் வரும்.

பயிற்சி

இருவர் சேர்ந்து செய்யுங்கள். நூறு வரிக்குக் குறையாத ஒரு புரோகிராமை எடுத்து, ஒருவர் அதில் இருபது அழகு மாற்றங்களும், ஒரே ஒரு பொருள் மாற்றமும் செய்யட்டும். மற்றவர் முதலில் டிஃப்பை மட்டும் படித்துத் தேடட்டும். எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக் கொள்ளுங்கள். பிறகு இரண்டு பதிப்பையும் எல்லை மதிப்புகள் கொடுத்து ஓட்டி, விடைகளை டிஃப் செய்து தேடட்டும். அதற்கும் நேரம் குறியுங்கள். அதன் பிறகு ஆட்களை மாற்றிக் கொள்ளுங்கள். இரண்டு பீரியட் போதும். முடித்தவர்கள் தங்கள் நேரங்களை லேபில் உள்ள பலகையில் எழுதிப் போட்டால் எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.